குழி எடுத்தவருக்குத் தெரியும்

போன மாதம் ஒரு காலனியில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் பதிவு செய்யும் வேலையாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களிடம் பெயர், வயது, ஆதார் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "என்ன வேலைண்ணா செய்றீங்க?" என்பேன். ஏறக்குறைய எல்லோரும் சொன்னது ஒரே பதில்: "கூலி வேலம்மா."

"என்ன கூலிண்ணா?"

"கம்பி வேலி போடுறது, குழி எடுக்கிறது, கடகால் தோண்டுறது, பைப்பு போட பள்ளம் வெட்றது. கூப்பிட்டா எதுனா செய்வோம்."

வேலி என்றதும் பக்கத்திலிருந்தவர், "சிமெண்ட் தூண் போட்டுத் தொலைக்காத, வருஷத்துல வெடிச்சிடும்" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு என் படிவம் மூடியே கிடந்தது.

கல்தூண் கட்சிக்காரர் முதலில் பேசினார். ஏழடிக் கல் என்றால் இரண்டடி மண்ணுக்குள், ஐந்தடி மேலே. எழுபது, எண்பது கிலோ இருக்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும், தோள் தேய்ந்துபோகும். ஆனால் ஒருமுறை நட்டால் பேரன் காலத்துக்கும் நிற்கும். கரையான் தின்னாது, துரு ஏறாது. கல்லை வாங்கும்போதே சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல கல். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், கம்பியை இழுத்துக் கட்டும்போது இரண்டாக முறியும்.

சிமெண்ட் தூண் கட்சிக்காரர் விடவில்லை. "வார்த்த மறுநாளே வண்டியில ஏத்துனா வெடிக்காம என்ன பண்ணும்? மூணு வாரம் தண்ணி காட்டணும். உள்ள நாலு கம்பி ஒழுங்கா இருக்கணும், கம்பிக்கு மேல கலவை மொத்தமா மூடியிருக்கணும்." எடை குறைவு, நேராக இருக்கும், முள்கம்பி கட்ட ஓட்டையோடு வரும் என்பது அவர் வாதம். கடலோரத்து உப்புக்காற்றில் மட்டும் உள்கம்பி துருப்பிடித்து ஊதி, வெளிச் சிமெண்டைப் பிளந்துவிடும் என்று ஒத்துக்கொண்டார்.

இரும்பு ஆங்கிள் சீக்கிரம் வேலை முடியும், ஆனால் மண்ணும் காற்றும் சேரும் இடத்தில், அதாவது தரைமட்டத்தில்தான் முதலில் அரிக்கும். போதாததற்கு ராத்திரியில் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடுவார்கள். சவுக்குக் கட்டை மலிவு. அடிப்பக்கத்தைத் தீயில் கருக்கித் தார் பூசினாலும் சில வருஷத்தில் கரையான் முடித்துவிடும்.

கடைசியாக ஒரு பெரியவர் சொன்னார்: "ஒதியம் போத்து வெட்டி மழைக்கு முன்னாடி நட்டா அதுவே துளுத்துக்கும். கல்லும் வேணாம், கம்பியும் வேணாம். ஆடும் தழை தின்னும். அந்த வேலியில ஆளு பூந்து போவ வழியும் இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இது: எந்தத் தூணாக இருந்தாலும் சரி, வேலி நிற்பதும் சாய்வதும் குழியில்தான் இருக்கிறது. மூலைத் தூணுக்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுக்காவிட்டால், கம்பியை முறுக்கும்போது தூண் உள்ளே சாயும். களிமண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும், அதில் ஆழம் கூட வேண்டும். மணலில் தூணைச் சுற்றிக் கான்கிரீட் போட வேண்டும். குழியின் வாய் அகலமாகிவிட்டால் தூண் ஆடும். அதனால் கடப்பாரையால் குத்தி, கொட்டாங்குச்சியால் மண்ணை அள்ளி, கை நுழையும் அளவுக்கே குழி எடுக்க வேண்டும்.

கணக்கும் போட்டுக் காட்டினார்கள். சதுரமாக ஒரு ஏக்கர் என்றால் சுற்றளவு சுமார் 835 அடி. பத்தடிக்கு ஒன்று வைத்தால் 84 குழி. மூலை முட்டுகள் தனி. நோட்டு, பேனா எதுவும் எடுக்கவில்லை.

நான் சமூகவியலில் முதுகலை முடித்தவள். உழைப்பு, திறன் பற்றி இரண்டு வருஷம் படித்து, பரீட்சை எழுதி, பட்டம் வாங்கியிருக்கிறேன். அந்தப் பாடங்களில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்: திறன் சாராத் தொழிலாளர். நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிறவர் கொத்தனார். அதே நூலைப் பிடித்து 84 தூணை ஒரே கோட்டில் நிறுத்துகிறவர் கூலி. இந்த வித்தியாசம் வேலையிலிருந்து மட்டும் வந்ததா? மண்ணைத் தோண்டுவது காலங்காலமாக யார் தலையில் போடப்பட்டது என்று பார்த்தால் விடை தெரியும். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்கியது என்று பாபாசாகேப் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' உரையில் விளக்கிவிட்டார். அந்த அடுக்கில் கீழே இருப்பவரின் அறிவு அறிவாகவே எண்ணப்படுவதில்லை. நாளடைவில் அவரே அதை நம்பி, "கூலி வேலம்மா" என்று சொல்லிவிடுகிறார்.

இதை அடுத்தவரைப் பற்றி எழுதுவது போல எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. என் அப்பாவும் குழி எடுத்தவர்தான்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் மேட்டு நிலத்தை ஆயா 'டி.சி. நிலம்' என்றுதான் சொல்லும். பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றிக் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-இல் அரசு ஆணை வந்து, அதன்படி ஒதுக்கப்பட்ட நிலங்கள் இவை. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டும்தான் விற்கலாம். நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலமோ ஒரு பஞ்ச காலத்தில் சில மூட்டை தானியக் கடனுக்குக் கைமாறிவிட்டது என்று ஆயா சொல்லும். அதன் பிறகு யார் யார் கைக்கோ போய், கடைசியில் மனைப்பிரிவுக்கு வந்து நின்றது.

நான் பிளஸ் டூ படித்தபோது அந்த நிலத்தைச் சுற்றி வேலி போட ஆள் கூப்பிட்டார்கள். அப்பா போனார், அம்மாவும் போனாள். குழி எடுப்பது, தூண் நிறுத்துவது அப்பா. உடைகல்லைப் போட்டு, மண்ணைத் தள்ளி, தண்ணீர் ஊற்றித் திமிசு போட்டு இறுக்குவது அம்மா. அம்மாவுக்குப் பாதிக் கூலி.

அன்று ராத்திரி ஆயா, "எங்கடா வேல?" என்று கேட்டது. அப்பா சொன்னார். ஆயா அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

கல்லூரிக்குப் போய் நாலு புத்தகம் படித்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. "நம்ம நிலத்துக்கு நம்மளே வேலி போட்டுக் கொடுத்திருக்கோமே, வெக்கமா இல்லையாப்பா?" என்று கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. "நான் போவலன்னா வேற ஆளு போவான் பாப்பா. உனக்குப் பரீச்ச பீஸ் கட்டணும்" என்றார். "குழியையாவது அரைகுறையா எடுத்திருக்கலாமே?" என்றேன். "வேலய ஏமாத்தக்கூடாது. அது ஒண்ணுதான் நம்ம கையில இருக்குது" என்றார். அந்தப் பதிலை அப்போது அடிமைத்தனம் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியும்விட்டேன். அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

சில வருஷம் கழித்து அந்த நிலத்துக்காக மனு எழுத உட்கார்ந்தோம். பழைய அ-பதிவேட்டின் நகலை அலைந்து திரிந்து வாங்கினோம். நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்குக் குறிப்பு இருந்தது. ஆனால் தரையில் எதுவரைக்கும் நம் நிலம் என்று காட்ட எல்லைக்கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கம்பி வேலிதான் நின்றது. எங்களுக்குள் குழம்பிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் இருந்த அப்பா சொன்னார்: "வடகிழக்கு மூலையில ஏழாவது தூணுக்கு ஒரு சாண் தள்ளி, சர்வே கல்லு உள்ள இருக்குது."

குழி எடுக்கும்போது கடப்பாரை கல்லில் பட்டிருக்கிறது. மேஸ்திரி அதைப் பிடுங்கிப் போடச் சொல்லியிருக்கிறார். அப்பா, "பாறை பெரிசா இருக்குது, வராது" என்று சொல்லிவிட்டு, தூணை ஒரு சாண் நகர்த்தி நட்டிருக்கிறார். அது எல்லைக்கல் என்று அவருக்குத் தெரியும். எல்லைக்கல்லை இடம் மாற்றுவது குற்றம் என்று சொல்லும் சட்டத்தை, 1923-ஆம் வருஷத்து நில அளவை எல்லைகள் சட்டத்தை, அவர் படித்ததில்லை. ஆயாவின் நிலத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. வெட்கமில்லையா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

மனு இன்னும் 'விசாரணையில் உள்ளது' என்றுதான் இருக்கிறது. அளவையர் இரண்டு முறை தேதி கொடுத்துவிட்டு வரவில்லை. வரும்போது எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற படித்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பதிவேட்டை வாங்குங்கள், தகவல் கேட்டு மனுப் போடுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் அப்பாவிடமும் அம்மாவிடமும் எங்கெங்கே குழி எடுத்தீர்கள், மண்ணுக்குள் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். வாய்க்கால் எங்கே மூடப்பட்டது, சுடுகாட்டுப் பாதை எதுவரை இருந்தது, எந்த வேலி எத்தனை அடி நகர்ந்தது என்று ஊரில் பலருக்கும் மறந்திருக்கும். தோண்டியவர்களுக்கு மறக்காது.

அன்று மரத்தடியில் வாதம் ஓய்ந்த பிறகு படிவத்தைத் திரும்பத் திறந்தேன். கல்தூண் கட்சிக்காரரிடம், "அண்ணா, வேலைன்ற இடத்துல என்ன எழுத?" என்று மறுபடியும் கேட்டேன். வாரியத்தின் தொழில் பட்டியலில் கட்டுமானம் சார்ந்த மண் வேலை இருக்கிறது என்று படித்துக் காட்டினேன்.

"அப்ப மண் வேலைன்னே எழுதும்மா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேலியும் போடுவேன்னு சேத்துக்க. முப்பது வருஷமா போடுறேன், இதுவரைக்கும் ஒரு தூணு சாஞ்சதில்ல" என்றார்.

படிவத்தில் அதற்கு இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.