வெறும் தட்டாய்த் திருப்பி அனுப்பக் கூடாது

மார்கழி மாதம் நெருங்கிவிட்டால் எங்கள் ஊரில் இரண்டு வாசனைகள் வரும். ஒன்று வாடைக் காற்றோடு வரும் கடலின் வாசனை. மற்றையது வீட்டுக் குசினிகளிலிருந்து வரும் வறுத்த ரவையின் வாசனை. மன்னார்த் தீவின் வடகரையில் பிறந்து வளர்ந்த எனக்கு நத்தார் என்றால் இவை இரண்டும்தான். வாடைக் காலத்தில் கடல் குழம்பிக் கிடக்கும். படகுகள் கரையேறிவிடும். கையில் காசு குறைந்துவிடும். ஆனால் ஆண்டின் மிகப் பெரிய பண்டிகையும் அந்த மாதத்திலேயே வந்து நிற்கும். தொழில் இல்லாத மாதத்தில் விருந்து வைக்கும் இந்தச் சிக்கலைச் சமாளிக்கும் பொறுப்பு எங்கள் வீடுகளில் எப்போதும் பெண்களுடையதாகவே இருந்து வந்திருக்கிறது.

அம்மா கார்த்திகை மாதத்திலேயே தொடங்கிவிடுவார். பிளம்ஸ், பூசணித் தோசி, இஞ்சித் தோசி எல்லாவற்றையும் சிறிது சிறிதாக வெட்டிப் போத்தலில் ஊறப் போடுவார். போர்க்காலம் அது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி இருந்து நாங்கள் பிள்ளைகளும் வெட்டுவோம். வெட்டியதில் பாதி எங்கள் வாய்க்குள் போய்விடும் என்பது அம்மாவுக்குத் தெரியும். பட்டர் கிடைக்காத ஆண்டில் மாஜரின், கஜு கிடைக்காத ஆண்டில் கச்சான் என்று அவர் சமாளித்தார். ஆனால் கேக் இல்லாத நத்தார் ஒன்றையும் நான் கண்டதில்லை.

அக்காலத்தில் வீடுகளில் மின்னடுப்பு ஏது? கலவையைத் தட்டுகளில் ஊற்றி, பெயர் எழுதிய கடதாசித் துண்டை மேலே வைத்து, பேக்கரிப் போறணைக்குக் கொண்டுபோவோம். பாண் சுட்டு முடிந்த பின் ஆறிக்கொண்டிருக்கும் சூட்டில் ஊர்க் கேக்குகள் எல்லாம் வேகும். எங்கள் தட்டு மாறிப்போய்விடக் கூடாதே என்று நானும் தம்பியும் வாசலில் காவல் இருப்போம்.

நத்தார், குசினி, போறணை, அலுமாரி ஆகிய இந்தச் சொற்கள் எல்லாம் 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கேயர் எங்கள் கரையில் விட்டுச் சென்றவை. ஆனால் நத்தார் மேசையில் கேக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பயற்றம் பணியாரமும் முறுக்கும் இந்த மண்ணுக்கே உரியவை. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் கேக்கும் தேநீரும். காலையில் பால் அப்பம். மதியம் கோழிக் கறி, இறால் பிரட்டல், பொரித்த கத்தரிக்காய்க் கறி. இவ்வளவுக்கும் இடையில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பார். அயலட்டைக்கு அனுப்புவதற்கான தட்டுகள் அவை.

அந்தத் தட்டுகளுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த வீட்டிலிருந்து தட்டு வந்தாலும் அதை வெறும் தட்டாய்த் திருப்பி அனுப்பக் கூடாது. ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்ப வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் இதை மீறியவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டிலிருந்து போகும் தட்டுகளில் ஒன்று மட்டும் தனியாகத் தயாராகும். அதற்கான கேக் கலவையில் பிராந்தி சேராது. அது பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கு. 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அகதிகளாக வாழ்ந்து, போர் முடிந்த பின் திரும்பி வந்த குடும்பம் அது. நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும். நத்தாருக்கு இங்கிருந்து கேக் போகும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பின், அந்த ஆண்டு ஜூன் மாதம் வந்த பெருநாளுக்குத் தட்டு வரவில்லை. அனுப்பினால் ஏற்பார்களோ என்று அவர்கள் தயங்கியிருக்கிறார்கள். மாலையாகியும் வரவில்லை என்றதும் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு தானே போனார். "ஏன் இந்த முறை எங்களுக்கு வட்டிலப்பம் இல்லையோ?" என்று படலையில் நின்று கேட்டாராம். இரண்டு வீட்டுப் பெண்களும் அழுதார்கள் என்று பிறகு சொன்னார். அவ்வாண்டு நத்தாருக்கு ஆலய வாசலில் பைகளைச் சோதித்துத்தான் எங்களை உள்ளே விட்டார்கள். ஆனால் அம்மாவின் பிராந்தி சேராத கேக் வழக்கம் போலப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

இவ்வளவையும் பார்த்து வளர்ந்த எனக்கு, தட்டின் பொருள் புரிய இன்னும் மூன்று ஆண்டுகள் சென்றன.

2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்க மாட்டோம். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. அந்த டிசம்பரில் நாங்கள் தெரிவு செய்த குடும்பங்களுக்கு உலருணவுப் பொதிகள் வழங்கினோம். பெயர் கூப்பிட்டோம். கையொப்பம் வாங்கினோம். பொதியோடு நிற்க வைத்துப் படமும் எடுத்தோம். அறிக்கைக்குப் படம் தேவை.

பொதி பெற்றவர்களில் ஓர் இளம் தாய் இருந்தார். கணவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. மூன்று பிள்ளைகள். முந்திய ஆண்டு பிள்ளைகளுக்கு நத்தார்ச் சட்டை வாங்கக் கிழமைக் கட்டுக் கடன் எடுத்து, அதைக் கட்டி முடிக்க அடுத்த புரட்டாதி வரை அல்லல்பட்டவர். "பண்டிகைக்குக் கடன் வாங்காதீர்கள்" என்று நானே அவருக்கு ஒரு கூட்டத்தில் புத்தி சொல்லியிருந்தேன்.

நத்தார் அன்று மதியம் அம்மா தந்த தட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளைகளின் குரல் கேட்டது. நான் கூப்பிட்டதும் அதுவும் அடங்கிவிட்டது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது கதவு ஒரு சாண் திறந்தது.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. காலமையிலிருந்து ஆக்கள் தட்டுக் கொண்டுவருகினம். நான் கதவைத் திறக்கேல்லை. வாங்கினால் திருப்பி என்னத்தைப் போட்டுக் குடுக்கிறது? நீங்கள் தந்த பருப்பையே?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. எதையாவது சொல்லியிருப்பேன். தட்டைக் கையில் வைத்தபடியே திரும்பி நடந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, மார்சல் மவுஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் கொடையைப் பற்றி எழுதியதைப் பாடமாகப் படித்தோம். கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்று கடமைகளும் சேர்ந்தே மனிதரை ஒருவரோடு ஒருவர் பிணைக்கின்றன என்பது அவர் கருத்து. திருப்பிக் கொடுக்க வழியில்லாத கொடை, பெறுபவரைத் தாழ்த்திவிடும் என்பதையும் அவர் சொன்னார். பரீட்சையில் இதற்கு நான் நல்ல புள்ளி பெற்றேன். ஆனால் அம்மாவின் சீனிப் பிடியும் இந்தப் பாடமும் ஒன்று என்பது, அந்தச் சாத்திய கதவின் முன் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பருப்பும் அரிசியும் கொடுத்த நாங்கள், அவரைப் பெறுபவராக மட்டுமே ஆக்கி வைத்திருந்தோம். ஊர் முழுவதும் கொடுத்து வாங்கும் ஒரு நாளில், கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரே வீடாக அவர் வீடு நின்றது. பசியைவிட அதுவே அவரைக் கதவடைக்க வைத்தது.

அடுத்த ஆண்டு பொதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசிக்குப் பொதி தேவைதான். படம் எடுப்பதை மட்டும் நிறுத்தும்படி அலுவலகத்தில் கேட்டேன். சில கூட்டங்களுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதற்கு அப்பால் செய்ததைப் பெண்கள்தான் செய்தார்கள். 2023 பெப்ரவரியில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நத்தார்ச் சீட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். கிழமைக்கு 100 ரூபாய். சிலரால் சில கிழமைகளில் அதுவும் முடியவில்லை. அப்போது அவர்கள் தேங்காயோ முட்டையோ கொண்டுவந்தால் அதைக் கணக்கில் எழுதிக்கொண்டோம். எல்லோரும் கிறிஸ்தவர்களும் அல்லர். "கேக் எங்கடை பிள்ளையளுக்கும் இனிக்கும்தானே" என்று சொல்லி இரண்டு இந்துச் சகோதரிகளும் சேர்ந்தார்கள். அந்த இளம் தாயை நான் கூப்பிடப் போனபோது அவர் நேராகக் கேட்டார்.

"நானும் காசு போடலாமோ, இல்லாட்டி எனக்குச் சும்மா தாற திட்டமோ?"

"போட்டால்தான் பங்கு" என்றேன். அவர் அன்றே 100 ரூபாயைத் தந்தார்.

டிசம்பர் நடுப்பகுதியில் எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ 50,000 ரூபாய் சேர்ந்திருந்தது. மா, சீனி, ரவை, மாஜரின், பயறு எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கியதால் விலை குறைந்தது. மூன்று நாட்கள் பொது மண்டபத்தில் கூடிச் செய்தோம். முட்டை அடிக்க ஒருவர், தேங்காய் துருவ ஒருவர், அடுப்புப் பார்க்க ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். கேக் தட்டுகள் பழையபடி பேக்கரிப் போறணைக்கே போயின.

பயற்றம் பணியாரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது அந்தத் தாய் முன்னுக்கு வந்தார். பயறு வறுக்கும் பக்குவம் எல்லோருக்கும் வராது. குறைந்தால் பச்சை மணக்கும், கூடினால் கசக்கும். அவர் பயற்றை வறுத்து மாவாக்கி, துருவிய தேங்காயைப் பொன்னிறமாக வறுத்து, சீனி, மிளகு, நற்சீரகம், ஏலம் சேர்த்து உருண்டை பிடித்தார். பிறகு அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கலந்த கரைசலில் தோய்த்துப் பொரித்தார். முதல் தாச்சி இறங்கியதும் மற்றப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். வயதில் மூத்த ஒருவர் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "ஆரிட்டைப் பழகினனி?" என்று கேட்டார். "எங்கடை அம்மாட்டை" என்றார் அவர். அந்த மூன்று நாட்களும் அவர்தான் எங்கள் எல்லோருக்கும் பணியாரம் பழக்கினார்.

நத்தார் அன்று காலை எங்கள் வீட்டுப் படலை திறந்தது. மூத்த மகளின் கையில் துணி மூடிய தட்டு. பின்னால் அவரும் மற்ற இரண்டு பிள்ளைகளும்.

"அக்கா, அம்மா நிற்கிறாவோ? இது உங்களுக்கு" என்றார். அதுவரை அவர் என்னை "மிஸ்" என்றே கூப்பிட்டவர்.

அம்மா தட்டை வாங்கி, துணியை நீக்கி, ஒரு பணியாரத்தைப் பிட்டு அங்கேயே நின்று சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "வெறும் தட்டாய் அனுப்ப ஏலாது பிள்ளை, இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போக வேணும்" என்று சொல்லிப் பாயை விரித்தார். அவர்களோடு தானும் இருந்தார். எனக்குத் தெரிந்து, நத்தார் அன்று அம்மா முதற் பந்தியில் இருந்து சாப்பிட்டது அன்றுதான்.

அந்தச் சீட்டு இன்றும் நடக்கிறது. வாசகியரே, உங்கள் ஊரில் பண்டிகை நத்தாராக இருக்கலாம், பொங்கலாக இருக்கலாம், பெருநாளாக இருக்கலாம். டிசம்பரில் கடன் தேடுவதைவிட, தை மாதத்திலேயே ஐந்தாறு பேர் கூடிக் கிழமைக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கத் தொடங்குவது எளிது. அதில் வசதி குறைந்த சகோதரியைச் சேர்க்கும்போது, அவருக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவரால் என்ன கொடுக்க முடியும் என்றும் கேளுங்கள். கேட்டால் நிச்சயம் ஏதாவது இருக்கும். எங்கள் ஊரில் அது பயற்றம் பணியாரமாக இருந்தது.