மாணவர் வந்தால் மாட்டுக் கொட்டகையையும் காட்டுங்கள்

மதுரை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி 1965-ல் தொடங்கப்பட்டது. வேளாண் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி, உழவர்களோடு இருந்து வேலை கற்க வேண்டும். மேலூர், திருமங்கலம், அலங்காநல்லூர் பக்கத்து விவசாயிகளுக்கு இவர்கள் 'ராவே' மாணவர்கள். கால்நடை மருத்துவம் படிப்பவர்களுக்கும் பாடங்கள் முடிந்தபின் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி உண்டு.

வரும் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, கேட்டதற்குப் பதில் சொல்லி அனுப்புவது நம் வழக்கம். மாடு எத்தனை, பால் எத்தனை லிட்டர், தவிடு என்ன விலை என்பதெல்லாம் படிவத்தில் ஏறிவிடும். மாடு எப்படி இருக்கிறது என்பது அதில் ஏறாது. அதற்குக் கொட்டகையில் நின்று பார்க்க வேண்டும்.

அதே 1965-ல் இங்கிலாந்தில் பேராசிரியர் பிராம்பெல் தலைமையிலான அரசுக் குழு, பண்ணை விலங்குகளுக்கு ஓர் எளிய அளவுகோலைச் சொன்னது. எழ, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய, கைகால் நீட்ட விலங்குக்குத் தடை இருக்கக் கூடாது. நம் வீட்டுக் கறவை மாட்டின் கயிறு இதற்கு இடம் தருகிறதா?

"கயித்தை நீட்டிவிட்டா பக்கத்து வயல்ல வாய் வச்சிரும் தாயி" என்று வீட்டுக்காரம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை மாணவி தெரிந்துகொண்டால்தான், "அப்ப ராத்திரி வீட்டு முத்தத்துல மட்டும் நீட்டிக் கட்டுங்கம்மா" என்று நடக்கிற யோசனை சொல்ல முடியும்.

கறவை மாடு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். சாணமும் மூத்திரமும் தேங்கிய தரையில் படுத்தால் காம்பு வழியே கிருமி ஏறி மடிநோய் வரும். தொடக்கத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பால் மட்டும் குறையும். திரிதிரியாகப் பால் வரும்போது பார்த்தால், சில சமயம் அந்தக் காம்பு அடுத்த ஈற்றுக்கும் தேறாது. கடன் வாங்கி ஒரே மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு, ஒரு காம்பு போனால் தவணையே தவறும்.

ஆகவே மாணவரை விடியற்காலைக் கறவை நேரத்துக்கே வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு காம்பின் முதல் பீச்சலையும் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்கட்டும். தரை ஈரம், குளம்பு, கயிற்றின் நீளம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துவைத்து, அந்தக் குறிப்பில் ஒரு படியை உங்களிடமும் கொடுக்கட்டும். "எல்லாம் நல்லா இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லாமல், உள்ளதைச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வேளாண் மாணவர் ஊசி போடக் கூடாது. கால்நடை மருத்துவ மாணவரும் மருத்துவர் மேற்பார்வையில்தான் சிகிச்சை தர வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.