குப்பையிலிருந்து மீண்ட உப்பங்கழி



பெருநாள் விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறோம். தியாகராய நகர்க் கடைவீதியில் சுற்றுகிறோம். இம்முறை மயிலாப்பூரிலிருந்து அடையாறு செல்லும் வழியில், ராஜா அண்ணாமலைபுரத்தில் அமைந்துள்ள தொல்காப்பியப் பூங்காவுக்கும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். நுழைவு நேரத்தையும் அனுமதி முறையையும் முன்னரே விசாரித்துக் கொள்வது நலம்.

மரங்களைக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அந்த மண்ணின் வரலாற்றையும் எடுத்துச் சொல்லுங்கள். அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய உப்பங்கழி அது. மீன்கள் பெருகி, பறவைகள் இரைதேடிய அவ்விடத்தைக் கட்டட இடிபாடுகளாலும் குப்பையாலும் கழிவுநீராலும் நம் நகரமே பாழாக்கியது. பின்னர் அவற்றை அகற்றி, நீர்நிலைகளைச் சீர்ப்படுத்தி, அலையாத்தி முதலான செடிகளை நட்டு, 58 ஏக்கர் பரப்பில் பூங்காவாக்கி 2011 ஜனவரியில் திறந்தார்கள். பறவைகளும் திரும்பி வந்தன.

கரையில் நிற்கும்போது பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: "நம் வீட்டுக் குப்பை எங்கே போகிறது?"

தென்சென்னையின் குப்பை நெடுங்காலமாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டு வந்தது. காற்றுப் புகாமல் அழுகும் குவியலில், தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயு உண்டாகும். 2022 ஏப்ரலில் அக்குப்பைமேடு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. சுற்றுப்புற மக்கள் புகையால் அல்லலுற்றனர். அந்த மேட்டில் நம் அடுக்களை வெங்காயத் தோலும் கிடந்திருக்கும் அல்லவா?

அதே தோல் காற்றோட்டத்தோடு மக்கினால் உரமாகிறது. ஆகவே, வீடு திரும்பியதும் துளையிட்ட மண்தொட்டி ஒன்றைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடுங்கள். இரண்டு பங்கு காய்ந்த சருகு, ஒரு பங்கு காய்கறித் தோல் என மாறிமாறிப் போட்டு, சில நாள்களுக்கு ஒருமுறை கிளறச் சொல்லுங்கள். பிழிந்த துணியின் ஈரம் போதும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். மேலும் சருகு சேர்க்க வேண்டும். பிரியாணி எலும்பும் எண்ணெய்ப் பண்டமும் அதில் வேண்டாம். எலியும் புழுவும் வரும்.

இரண்டு மூன்று மாதங்களில் மழை பெய்த மண்ணின் மணத்தோடு கரிய உரம் கிடைக்கும். அதனை ஒரு புதினாத் தொட்டியில் இட்டு, துளிர்க்கும் தழையைப் பிள்ளைகளே பறித்துவரட்டும். பாழான உப்பங்கழியை மீட்கப் பல ஆண்டுகளும் பெரும்பொருளும் தேவைப்பட்டன. இன்னொரு நிலம் பாழாகாமல் காக்க, நம் வீட்டு மாடியில் ஒரு மண்தொட்டி வைக்கலாமே!