கேளிக்கைப் பூங்காவில் குடும்பமாய் ஒரு நாள்



கோடை விடுமுறை நெருங்கும்போது, பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "அப்பா, எங்கள் வகுப்பில் எல்லாரும் வொண்டர்லாவுக்குப் போய் வந்துவிட்டார்கள். நாம் எப்போது போவோம்?" வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பவேண்டிய பணம் ஆகியவற்றை மனதிற்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லும் தகப்பன்மார் நம்மில் அநேகர். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

இக்கட்டுரை, அப்படிப்பட்ட பூங்காவுக்கு முதன்முறை செல்ல விரும்பும், கையில் அளவான பணமுள்ள குடும்பங்களுக்காக எழுதப்படுகிறது. இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. அந்த நாளின் செலவும் சந்தோஷமும் பூங்காவின் வாசலில் அல்ல, வீட்டிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

எங்கள் முதல் பயணம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு நகரத்தில் வேலைபார்த்த காலத்தில், அங்கிருந்த ஒரு பூங்காவுக்குக் குடும்பமாய்ச் சென்றோம். அதன் பெயர் இங்கே அவசியமில்லை. ஏனெனில் தவறு முழுவதும் எங்களுடையது. மே மாதத்துச் சனிக்கிழமை அது. மூத்தவனுக்குப் பதினொரு வயது. ஆகவே சிறுவர் சீட்டுப் போதும் என்று கணக்கிட்டிருந்தேன். வாசலில் அவனை அளவுகோலருகே நிறுத்தினார்கள். வயதைவிட உயரமாய் வளர்ந்திருந்ததால் பெரியவர் கட்டணம் கேட்டார்கள். வாகனம் நிறுத்தும் கட்டணமும் நீர் விளையாட்டு உடைகளின் விலையும் நான் நினைத்திராதவை. சட்டைப்பையை இரண்டு முறை எண்ணினேன்.

என் மனைவி அதைக் கவனித்துவிட்டாள். "எனக்குத் தலைவலியாய் இருக்கிறது. நீங்கள் பிள்ளைகளோடு போய் வாருங்கள், நான் பைகளைப் பார்த்துக்கொள்ளுகிறேன்" என்றாள். வாசலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் அவள் உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழியில் இளையவள், "அம்மாவுக்கு ராட்டினம் பிடிக்காதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த முறை எங்கு சென்றாலும், கணக்கை முடித்துவிட்டே வீட்டைவிட்டுப் புறப்படுவது என்று அன்றே தீர்மானித்தேன்.

பூங்காவைப் பற்றிச் சில வார்த்தைகள்

நம் நாட்டில் இத்தகைய பூங்காக்கள் தோன்றி நெடுங்காலம் ஆகவில்லை. டெல்லியில் 1984-ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 2008-இல் மூடப்பட்ட அப்பு கர் இவற்றிற்கு முன்னோடி. கொல்கத்தாவில் நிக்கோ பார்க் 1991-லும், மும்பை-புனே நெடுஞ்சாலையருகே கோபோலியில் இமேஜிகா 2013-லும் தொடங்கப்பட்டன. கொச்சியில் 2000-ஆம் ஆண்டு வீகாலாந்து என்ற பெயரில் ஒரு பூங்காவை ஆரம்பித்த நிறுவனத்தாரே, 2005-இல் பெங்களூருக்கு வெளியே பிடதிக்கு அருகில் வொண்டர்லாவைத் திறந்தார்கள். பின்னர் ஐதராபாத்திலும் புவனேசுவரத்திலும், 2025 டிசம்பரில் சென்னையிலும் அதே பெயரில் பூங்காக்கள் வந்துள்ளன. நான் பெங்களூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதுகிறேன். மற்ற நகரங்களில் வாழ்கிறவர்கள் இம்முறையைத் தங்கள் இடத்திற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பெங்களூர்ப் பூங்கா, நகரின் மையத்திலிருந்து மைசூர் சாலையில் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. உள்ளே சென்றபின் ஒவ்வொரு ராட்டினத்திற்கும் தனியாகப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. பெரும்பாலானவை நுழைவுச் சீட்டிலேயே அடங்கும். ஊர்த் திருவிழாக் கடைவீதியில் ஒவ்வொரு ராட்டினத்திற்கும் காசு கொடுத்துப் பழகிய நமக்கு இது புதிது. இதன் பொருள் என்ன? வாசலில் கொடுக்கும் தொகை பெரிது. ஆனால் அன்றைய நாளை முழுமையாகப் பயன்படுத்துகிறவருக்கு அது நஷ்டமல்ல. பாதி நாளை வரிசையில் கழிப்பவருக்கே அது நஷ்டம்.

முதலில் உயரத்தை அளந்துபாருங்கள்

வொண்டர்லாவில் சிறுவர் கட்டணம் வயதைக்கொண்டு அல்ல, உயரத்தைக்கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. 85 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கட்டணம் இல்லை. 85 முதல் 140 சென்டிமீட்டர் வரை சிறுவர் சீட்டு. அதற்குமேல் பெரியவர் சீட்டு. ஆகவே வீட்டுச் சுவரில் இவ்விரண்டு உயரங்களிலும் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் நிற்கவைத்துப் பாருங்கள்.

இந்தக் கோடு பணத்திற்கு மட்டுமல்ல, பிள்ளையின் மனதிற்கும் உதவும். வேகமாய்ச் சுழலும் பெரிய ராட்டினங்களில் ஒரு குறிப்பிட்ட உயரத்திற்குக் குறைந்தவர்களை ஏற்றமாட்டார்கள். பாதுகாப்புப் பட்டை சரியாகப் பொருந்தாது என்பதே காரணம். இதை அறியாமல் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் அழுகையை எந்த ஐஸ்கிரீமாலும் ஆற்றமுடியாது. "நீ இந்த வருஷம் இதுவரைக்கும் ஏறலாம், அது உனக்கு இரண்டு வருஷம் கழித்து" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டால், பிள்ளைகள் அதை எளிதில் ஏற்றுக்கொள்ளுவார்கள்.

கடைசிப் பிள்ளை இன்னும் கைக்குழந்தையாய் இருந்தால், ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருப்பது நல்லது என்பது என் எண்ணம். குழந்தைக்குச் சீட்டு வேண்டாம் என்பது உண்மையே. ஆனால் அக்குழந்தையை வைத்துக்கொண்டு முழுச் சீட்டு வாங்கிய தாயார் நாள் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

எந்த நாளில் செல்வது?

ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஆராதனை நாள், அதைப்பற்றிப் பேச்சில்லை. சனிக்கிழமையையும் அரசு விடுமுறை நாட்களையும்கூட விட்டுவிடுங்கள். அந்நாட்களில் கட்டணமும் அதிகம், கூட்டமும் அதிகம். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களில் ஒரு நாள் விடுப்பு எடுத்துச் செல்வதே சிறந்தது. ஒரு நாள் சம்பளம் குறையுமே என்று தயங்குகிறவர்கள், குடும்பம் முழுவதற்கும் உள்ள கட்டண வேற்றுமையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். டிசம்பர் மாதத்தில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாய் வரும். குளிரில் நீர் விளையாட்டும் சிறு பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

இணையதளத்தில் முன்பதிவு செய்வோருக்கும், அறுபது வயதைக் கடந்த மூத்தோருக்கும், அடையாள அட்டையுள்ள கல்லூரி மாணவருக்கும், கூட்டமாய்ச் செல்வோருக்கும் சலுகைகள் உண்டு. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து செல்வதானால், எத்தனை பேருக்கு மேல் குழுக் கட்டணம் பொருந்தும் என்று முன்னதாகவே தொலைபேசியில் விசாரியுங்கள். சொல்லப்படும் தொகையில் வரி அடங்கியுள்ளதா என்பதையும் கேளுங்கள்.

போக்குவரத்து

மெட்ரோ ஊதா வழித்தடம் இப்போது கெங்கேரியைத் தாண்டி சல்லகட்டா வரை செல்லுகிறது. ஒயிட்ஃபீல்டு, இந்திராநகர் பகுதிகளில் வசிப்போர் கெங்கேரி வரை மெட்ரோவில் வந்து, அங்கிருந்து மைசூர் சாலையில் பேருந்து பிடிக்கலாம். மெஜஸ்டிக்கிலிருந்தும் பேருந்து வசதி உண்டு.

2023 ஜூன் 11 முதல் நடைமுறையிலுள்ள சக்தி திட்டத்தின்படி, கர்நாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காண்பிக்கவேண்டும். பல ஆண்டுகளாய் இங்கே குடியிருந்தும் ஆதார் அட்டையில் இன்னும் ஊர் முகவரியையே வைத்திருக்கும் நம் சகோதரிகள் இதைக் கவனிக்கவேண்டும். குளிர்சாதனப் பேருந்துகளுக்கு இச்சலுகை பொருந்தாது.

இரு சக்கர வாகனத்தில் செல்லுகிறவர்களும் ஆட்டோவில் செல்லுகிறவர்களும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையின் பிரதான வழியில் அவ்வாகனங்கள் 2023 ஆகஸ்டு முதல் அனுமதிக்கப்படுவதில்லை. பக்கவாட்டிலுள்ள சர்வீஸ் ரோட்டிலேயே செல்லவேண்டும்.

உணவும் உடையும்

வெளி உணவை உள்ளே கொண்டுசெல்ல அனுமதி இல்லை. புளியோதரையும் முட்டையும் கட்டிக்கொண்டு போய் வாசலில் தர்க்கம் செய்வதால் பயனில்லை. பூங்கா ஏறக்குறைய பதினொரு மணிக்கே திறக்கும். ஆதலால் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுப் புறப்படலாம். அல்லது பிடதியில் புகழ்பெற்ற தட்டு இட்லியை உண்டு செல்லலாம். உள்ளே ஒரு வேளை உணவு, ஒரு சிற்றுண்டி என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். குடிநீர்க் குழாய் இருக்குமிடத்தை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் நாள் முழுவதும் பாட்டில் வாங்கும் செலவு மிஞ்சும். மாலையில் வெளியே வந்ததும் உண்பதற்குப் பிஸ்கட்டும் வாழைப்பழமும் பையில் இருக்கட்டும்.

நீர் விளையாட்டுக்கு நைலான் போன்ற செயற்கை இழை உடையே அணியவேண்டும். பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், நனைந்தால் கனக்கும், புடவையும் துப்பட்டாவும் சறுக்குகளில் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகவே இதை ஒரு வீண் கட்டுப்பாடாக எண்ணவேண்டாம். கணுக்கால் வரையும் முழங்கைக்குக் கீழும் மூடும் நாகரிகமான நைலான் உடைகள் நகரக் கடைகளில் கிடைக்கின்றன. முன்கூட்டியே வாங்கிவைத்தால் அவசரத்தில் அகப்பட்டதை வாங்க நேராது. தங்கைக்கும் அடுத்த ஆண்டு உதவும்.

ஒரு மாதிரிக் கணக்கு

தகப்பன், தாய், பாட்டி, 145 சென்டிமீட்டர் உயரமுள்ள மகன், 118 சென்டிமீட்டர் உயரமுள்ள மகள் என ஐவர் கொண்ட குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும் பெரியவர் சீட்டு 1,400 ரூபாய், சிறுவர் சீட்டு 1,120 ரூபாய், மூத்தோர் சீட்டு 1,050 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான விலை நாளுக்கு நாள் மாறும். அதைக் கேட்டு இவ்விடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பெரியவர் மூவர்: 4,200 ரூபாய்
சிறுமி: 1,120 ரூபாய்
பாட்டி: 1,050 ரூபாய்
உணவு, ஆளுக்கு 300 வீதம்: 1,500 ரூபாய்
நால்வருக்கு நீர் விளையாட்டு உடை: 1,400 ரூபாய்
லாக்கர்: 200 ரூபாய்
போக்குவரத்து: 400 ரூபாய்
மொத்தம்: 9,870 ரூபாய்

எதிர்பாராத செலவுக்கென்று இன்னும் 1,130 ரூபாய் சேர்த்தால் 11,000 ஆகிறது. இத்தொகையைக் கேட்டு மலைக்கவேண்டாம். ஜூன் மாதம் தொடங்கி மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கினால், ஏப்ரல் மாதத்தில் பதினோராயிரம் கையில் இருக்கும். கடன் வாங்கியோ, கிரெடிட் கார்டைத் தேய்த்தோ இதற்குச் செல்லாதிருங்கள். ஒரு நாள் விளையாட்டின் தவணையை ஆறு மாதம் கட்டுவது வீட்டிலுள்ள சமாதானத்தைக் கெடுக்கும்.

பாட்டி வர விரும்புகிறாரா என்பதை அவரிடமே கேளுங்கள். இருதய நோய், இரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமான ராட்டினங்களில் ஏறலாகாது. வேடிக்கை பார்ப்பதே சிலருக்கு ஆனந்தம். சிலருக்கு வீட்டில் இளைப்பாறுவது ஆனந்தம். நாமே முடிவுசெய்து அவரை விட்டுச்செல்வதும் தவறு, இழுத்துச்செல்வதும் தவறு.

பதினோராயிரம் இப்போது இயலாது என்றால், அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கப்பன் பூங்காவிலுள்ள பால பவனும், அதற்கு அருகிலேயே இருக்கும் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் சில நூறு ரூபாயில் ஒரு நாளை நிறைவாக்கும்.

உள்ளே சென்றபின்

முதல் வேலையாய் லாக்கர் எடுங்கள். இருநூறு ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி ஒருவரைப் பைகளுக்குக் காவல் வைத்தால், அவருடைய சீட்டுப் பணம் முழுவதும் வீண். அவர் பெரும்பாலும் வீட்டுத் தாயாராகவே இருப்பார். அடுத்து, கூட்டம் சேருமுன் பெரிய ராட்டினங்களை முடித்துவிடுங்கள். வெயில் ஏறியபின் தண்ணீருக்குச் செல்லுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஓரிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிவையுங்கள்.

எங்கள் குடும்பம் பதினொரு மாதம் சேமித்து, ஒரு புதன்கிழமை பிடதிக்குச் சென்றது. உயரத்தில் மெதுவாய்ச் சுழலும் ராட்டினத்தில் நால்வரும் ஒன்றாய் அமர்ந்தோம். அது மேலே எழும்பியபோது என் மனைவி திடுக்கிட்டு, "பையை யார் பார்த்துக்கொள்ளுகிறார்கள்?" என்றாள். என் மகன் லாக்கர் சாவியை எடுத்து அவளுக்குக் காண்பித்தான். அவள் அதை வாங்கிக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, கீழே தெரிந்த தென்னந்தோப்புகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

பிரியமானவர்களே, இன்று மாலையே சுவரில் அந்தக் கோட்டைப் போடுங்கள். அதற்குக் கீழே ஒரு டப்பாவை வைத்து, முதல் நூறு ரூபாயைப் பிள்ளைகளின் கையாலேயே போடச்செய்யுங்கள்.