அச்சு ஈயம்

லைனோடைப் இயந்திரம் வரிவரியாக வார்த்துத் தள்ளிய உலோகத்தில் நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் ஓடத் தொடங்கிய அவ்வியந்திரத்தை நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் கைவிட்டது. அமெரிக்க அச்சகங்கள் ஒவ்வொன்றாக ஒளியச்சுக்கு மாறியபோது அந்த உலோகமெல்லாம் எங்கே போயிற்று? ஒரு பகுதி துப்பாக்கிக் குண்டாயிற்று. இலக்கிய அன்பர்களுக்கு இது உவப்பான செய்தியாக இராது, ஆயினும் உண்மை.

சுட்டு எஞ்சிய பித்தளைக் கூட்டில் புதிய பிரைமரும் வெடிமருந்தும் இட்டு, தம் கையால் வார்த்த ஈயக்குண்டைப் பொருத்தித் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி தயாரிப்பது அந்நாட்டில் பரவலான பொழுதுபோக்கு. இதன் தீராத தலைவலி, குழலில் ஈயம் படிவது. பாய்ந்து செல்லும் குண்டிலிருந்து ஈயம் உரிந்து குழலின் வரிப்பள்ளங்களில் அப்பிக்கொள்கிறது. முதலில் குறி தவறும். மேலும் படிந்தால் குழல் குறுகி உள்ளழுத்தம் ஏறும். அது உயிருக்கே ஆபத்து. கிளாக் நிறுவனம் தன் கைத்துப்பாக்கிகளில் வெறும் ஈயக்குண்டுகளைப் பயன்படுத்த வேண்டாமென்று அறிவுறுத்துவது இதனால்தான்.

ஐடஹோ மாநிலத்தில் எங்கள் அடுத்த வீட்டில் இருப்பவர் எழுபதைக் கடந்தவர். (பெயர் சொல்லி அழைப்பதே அங்கே வழக்கம், இங்கே பெரியவர் என்றே குறிப்பிடுகிறோம்.) இளமையில் ஒரு சிற்றூர் நாளிதழில் லைனோடைப் இயக்கியவர். அச்சகம் மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாகக் கிடைத்த வரிவார்ப்புகள் அவர் கொட்டகையில் வாளி வாளியாக இருந்தன. அவற்றை உருக்கி, தந்தையார் விட்டுச்சென்ற .38 ஸ்பெஷல் ரிவால்வருக்குக் குண்டு வார்த்தார். முப்பது முறை சுடுவதற்குள் குழல் சாம்பல் பூத்துவிடும். உலோகம் எவ்வளவு கடினமோ அவ்வளவு குறைவாக உரியும் என்பது அவர் நம்பிக்கை. அச்சு ஈயத்தைவிடக் கடினமான ஈயம் ஏது? ஆகவே குழல்தான் தேய்ந்துவிட்டது, விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். தந்தையின் பொருளை விற்கிறோமே என்ற கலக்கம் முகத்தில் தெரிந்தது.

எங்களுக்கு அந்த வாதம் தொடக்கத்திலிருந்தே பிடிபடவில்லை. குழலில் விளக்கைக் காட்டிப் பார்த்தபோது படிவு முழுவதும் பின்பக்கத்தில், குண்டு நுழையுமிடத்திலேயே இருந்தது. மசகு தீர்ந்துபோவதால் வரும் படிவு பெரும்பாலும் முன்வாயருகே காணப்படும். பின்பக்கப் படிவு அளவுக் கோளாற்றின் அடையாளம். மைக்ரோமீட்டரை எடுத்தோம். உருளையின் வாய்கள் 0.358 அங்குலம், அவர் அளவுபடுத்திய குண்டுகள் 0.357. இடைவெளி தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை. ஆனால் கொதிக்கும் வாயு பீறிட்டுக் குண்டின் ஓரத்தை அரித்துக் குழலில் பூச அதுவே போதும்.

கடினம் இங்கே கெடுதலே செய்கிறது. தூய ஈயத்தின் பிரினெல் கடினம் சுமார் 5, லைனோடைப்புக்கு 22. .38 ஸ்பெஷலின் மிதமான அழுத்தத்தில் அத்தனை கடினமான குண்டின் அடிப்பாகம் விரிந்து இடைவெளியை அடைப்பதில்லை, மென்மையானது அடைக்கும். 1857 நினைவுக்கு வருகிறது. கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவால் நம் நாட்டில் என்ன மூண்டது என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். கொழுப்பு எதற்கென்று ஆசிரியர் எவரும் சொன்னதில்லை. அதனுள் இருந்தது மென்மையான ஈயக்குண்டு. எளிதில் உட்செல்லச் சிறியதாக வார்த்து, சுடும்போது விரிந்து குழலை அடைக்குமாறு அமைத்திருந்தார்கள். உட்செல்லவும் கசடு இறுகாதிருக்கவும் கொழுப்பு வேண்டியிருந்தது. ஐடஹோவிலேயே வாழ்ந்த எல்மர் கீத், அதனினும் மிக வலிய .44 மேக்னத்துக்கே 16 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் என்ற மென்கலவையைத்தான் கையாண்டார்.

குண்டை 0.358 ஆக அளவுபடுத்தப் பெரியவர் உடனே இசைந்தார். அச்சு ஈயத்தில் மூன்று மடங்கு தூய ஈயம் கலக்கலாம் என்றதும்தான் முகம் சுருங்கியது. வாழ்நாள் தொழிலின் உலோகத்தில் கலப்படமா? இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு ஒரு காலையில் அவரே அடுப்பை முற்றத்தில் மூட்டினார். (ஈயத்தூசியும் கசடும் உடலுக்குக் கேடு, திறந்தவெளியில் உருக்குவதும், கை கழுவாமல் எதையும் உண்ணாதிருப்பதும் கட்டாயம்.) வாளியிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துப் படித்துவிட்டே உருக்கினார். கோதுமை விலை, ஒரு திருமணம், காணாமற்போன பசு. இடவல மாற்றமாய் நிற்கும் எழுத்தை அவர் தடையின்றிப் படிக்க, எங்களுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது.

பழைய படிவை நீக்கத் தூய செப்புக் கம்பிச் சுருளைத் தூரிகையில் சுற்றித் தேய்த்ததே போதுமாயிற்று. செப்புறை போர்த்திய குண்டுகளைச் சுட்டால் ஈயம் வழித்துக்கொண்டு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். குறுகிய குழலில் அழுத்தத்தை ஏற்றும் அவ்வழியை நாங்கள் ஏற்கவில்லை. மசகுக்குத் தேன்மெழுகும் ஆலாக்ஸும் சரிபாதி.

ரிவால்வரை அவர் விற்கவில்லை. ஐம்பது முறை சுட்ட பின்னும் வரிப்பள்ளங்கள் பளிச்சென்று தெரிகின்றன. கலவையால் அச்சு ஈயம் நான்கு மடங்காய் உழைக்குமென்பதால், வாளிகள் தம் காலத்துக்குள் தீரா என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்.