ருக்மணி தேவியின் சரிதை

பிரசித்தி பெற்ற ஒருவரின் சரிதையை எழுதப் புகுவோர்க்கு அவரது பிரசித்தியே முதல் இடையூறாக நிற்கின்றது. எல்லாரும் அறிந்தவர் என்பதனால் எவரும் ஆராய்வதில்லை. ஒருவர் சொன்னதை மற்றொருவர் வழிமொழிய, பத்துப் பேர் வாயில் புகுந்து வந்தபின் அது உண்மை என்றே நிலைத்துவிடுகின்றது. நாடக மேடையிலும் வெண்திரையிலும் புகழ் ஈட்டிய நடிகையர் விஷயத்தில் இது மிகுதி.

சிலாபம், புத்தளம் கரையோரத்தில் வாழும் நமக்கு இதற்கு ஏற்ற உதாரணம் அண்மையிலேயே உண்டு. தெற்கே மாஓயாவைக் கடந்தால் நீர்கொழும்பு. அவ்வூரில் வாழ்ந்து, சிங்களப் பேசும் படங்களின் முதற் கதாநாயகியாக விளங்கியவர் ருக்மணி தேவி. அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வருமாறு மாணவர்க்குப் பயிற்சி கொடுப்பது என் வழக்கம். வந்து சேரும் கட்டுரைகளில் அவர் ஒன்றில் சிங்களப் பெண்மணி; இன்னொன்றில் இந்தியாவிலிருந்து வந்த தமிழ் நடிகை; பிறிதொன்றில் பரதநாட்டியம் வளர்த்த மாதரசி! ஒரே பெண்மணிக்கு இத்தனை பிறவிகளா என்று வகுப்பு முழுவதும் சிரிக்கும். சிரித்த பின்னரே ஆராய்ச்சி தொடங்கும்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். பரதநாட்டியம் வளர்த்தவர் ருக்மணி தேவி அருண்டேல். 1904-ஆம் ஆண்டு மதுரையில் பிறந்து, 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவி, 1986-இல் மறைந்தவர். 1945-இல் வெளிவந்த 'ஸ்ரீ வள்ளி' என்னும் தமிழ்ப் படத்தில் நடித்த குமாரி ருக்மணியோ வேறொருவர். நம் நடிகையின் முதற் படம் மதுரையில் உருவானதனால் இந்தக் குழப்பம் மேலும் வலுத்துவிடுகின்றது. பெயரும் ஊரும் ஒத்திருந்தால் ஆளும் ஒருவரே என்று கொள்ளலாகாது. ஆண்டும் ஒத்துவரல் வேண்டும்.

இனிப் பிறப்பு. நம் ருக்மணி தேவி 1923 ஜனவரி 15-ஆம் நாள் மலைநாட்டில், நுவரெலியாவை அடுத்த றம்பொடையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ். குடும்பம் கொழும்புச் செட்டி வகுப்பைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். டெய்சி என்பது ஆங்கிலம். இராசம்மா என்பது நம் வீட்டுத் தமிழ். ருக்மணி தேவி என்பதோ புராணப் பெயர். 1939-இல் இசைத்தட்டில் அவர் குரல் முதன்முதலாக ஒலித்தபோது பாடிய பாடல் புத்தகயையைப் போற்றும் சிங்களப் பாடல். அப்போது அவருக்கு வயது பதினாறு. இவற்றுள் எந்த ஒன்றை விட்டுவிட்டாலும் எஞ்சுவது அவருடைய சரிதை ஆகாது.

அடுத்தது, 'முதல்' என்னும் சொல். சரிதை எழுதுவோரை இதுபோல ஏமாற்றும் சொல் வேறில்லை. 'கடவுணு பொரொந்துவ' 1947 ஜனவரி 21 அன்று வெளியாயிற்று. மீறப்பட்ட வாக்குறுதி என்பது அப்பெயரின் பொருள். இலங்கையில் எடுக்கப்பட்ட முதற் படம் இதுவே என்று எழுதுவோர் உளர். 1925-இலேயே 'ராஜகீய விக்கிரமய' என்னும் மௌனப் படம் எடுக்கப்பட்டது. இலங்கை மக்கள் காணுமுன் அதன் சுருள்கள் தீக்கிரையாயின. ஆதலின், 'முதற் சிங்களப் பேசும் படம்' என்பதே பொருந்தும். ஒரு சொல்லைக் கூட்டுவதனால் ஒருவருடைய பெருமையும் குறையவில்லை. எரிந்துபோன படத்தின் கலைஞருக்கும் நியாயம் கிடைக்கின்றது.

அப்படத்தை இயக்கியவர் யார்? பலர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன என்பர். நீர்கொழும்பு மினர்வா நாடகக் குழுவுக்காக அந்நாடகத்தை எழுதியவர் அவரே. படத்தை இயக்கியவர் வங்காளியரான ஜோதிஷ் சின்ஹா. பணம் இட்டவர் தமிழரான எஸ். எம். நாயகம், படப்பிடிப்பு மதுரைச் சித்திரகலா மூவிடோனில் நிகழ்ந்தது. நாயகியோடு நடித்த நகைச்சுவை நடிகர் எடி ஜயமான்ன, நாடகாசிரியரின் தம்பியும் ருக்மணியின் கணவரும் ஆவார். சிங்கள நாடகம், வங்காள நெறியாளர், தமிழ் முதலாளி, மதுரைக் கலைக்கூடம், இராசம்மா என்ற நாயகி: சிங்களத் திரையின் தொட்டிலை ஆட்டிய கைகள் இத்தனை!

இறுதியாக, மறைவு. 1978 அக்டோபர் 28 அன்று, மாத்தறையில் நிகழ்ச்சி முடித்து வீடு திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அண்மையில் துடெல்லவில் மோட்டார் விபத்தில் உயிரிழந்தார். வரைபடத்தை விரித்துப் பார்க்குமாறு மாணவரிடம் கூறுவேன். மாத்தறையிலிருந்து கொழும்பு வழியாக நீர்கொழும்புக்குச் செல்லும் பாதையில்தான் ஜா-எல இருக்கின்றது. சிலாபத்திலிருந்து நாம் கொழும்புக்குச் செல்லும் பாதையும் அதுவே. நாள், இடம், வழி மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 1923-இலிருந்து 1978 வரை எண்ணினால் வயது ஐம்பத்தைந்து. கூட்டலும் கழித்தலும் அறிந்த சிறுவனே பாதிப் பிழைகளைக் கண்டுபிடித்துவிடலாம். மீதிக்குப் பிறப்புப் பதிவு, இசைத்தட்டின் மேலொட்டிய தாள், படத்தின் பெயர்ப்பட்டியல் என்பவற்றை நாடவேண்டும். நினைவுகூர்ந்து சொல்பவரைவிட, அந்த நாளிலேயே எழுதப்பட்ட தாள் நம்பத்தக்கது.

நடிகை ஒருவரின் பிறந்த ஊரில் இவ்வளவு என்ன இருக்கின்றது என்று கேட்பாரும் உளர். நம் கரையில் நிறைய இருக்கின்றது. உடப்பில் இன்றும் தமிழே வீட்டு மொழி. மாரவில, வென்னப்புவைப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் பல கடந்த நூற்றாண்டில் தமிழை விட்டுச் சிங்களத்துக்கு மாறின. இத்தகைய குடும்பத்து மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்று, "ஐயா, எங்கள் பாட்டி மீனைத் தமிழில்தான் எண்ணுவார். அப்படியானால் நாங்கள் யார்?" என்று கேட்டான். "உன் பாட்டியின் பெயரையும் ஊரையும் முதலில் சரியாக எழுதிக்கொள் தம்பி, மற்றதைப் பிறகு பேசலாம்" என்றேன். மறுவாரம் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதி வந்தான். இரண்டு பெயர் தமிழ், இரண்டு சிங்களம். வெட்கமோ வீறாப்போ இன்றி அதை வாசித்தான்.

ருக்மணி தேவியைத் தமக்கே உரியவர் எனக் கொள்ள விரும்பும் சிங்களர் இராசம்மாவை மறைத்துவிடுகின்றனர். நம்மவரோ இராசம்மாவை மட்டும் பிடித்துக்கொண்டு, அவர் வாழ்நாள் முழுதும் பாடிய மொழியை மறந்துவிடுகின்றனர். இரு சாராரும் செய்வது ஒரே காரியம். ஒருவரை நேசிப்பவர், தமக்கு இனிக்கும் பாதியை மட்டும் ஏற்றல் முறையாகாது. விவரங்களைச் சரிபார்த்து முழுமையாக எழுதுவதே, மறைந்த கலைஞருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை.