மூச்சு என்னும் புரவி

உடலினுள் ஓய்வின்றி நடைபெறும் தொழில்கள் பல. இதயம் துடிக்கிறது, இரைப்பை உணவைச் செரிப்பிக்கிறது, சிறுநீரகம் குருதியை வடிகட்டுகிறது. இவை மனிதனுடைய நேரடி ஏவலுக்குக் கட்டுப்படுவன அல்ல. மூச்சோ இருதன்மை உடையது. உறங்குவோனிடத்தும் அது தானே இயங்கும். விழித்திருப்போன் விரும்பினால் அதனை நீட்டலாம், குறுக்கலாம், சிறிது பொழுது நிறுத்தவும் செய்யலாம். யோகியர் கண்டறிந்த வாயில் இதுவே.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சினைக் குதிரையாக உருவகிக்கின்றார். ஏறத் தகுந்தவனுக்கே அது வசப்படும். அல்லாதவனை வீழ்த்திவிடும் என்பது அவர் கருத்து. மூச்சை உள்ளிழுத்தல் பூரகம், உள்ளே நிறுத்தல் கும்பகம், வெளிவிடுதல் இரேசகம். இவற்றிற்கு அவர் வகுத்த அளவு முறையே 16, 64, 32. இழுக்கும் காலத்தினும் விடும் காலம் இருமடங்காதலை நோக்குக.

அமைதியாக இருப்பவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்றை இழுக்கின்றார். அதில் 150 மில்லிலிட்டர் அளவு மூச்சுக்குழல்களிலேயே தங்கிப் பயனின்றித் திரும்பும். ஆகவே நிமிடத்திற்கு 12 முறை மூச்சுவிட்டால் இழுத்த 6000 மில்லிலிட்டரில் 4200 மட்டுமே நுரையீரலின் நுண்ணறைகளை அடையும். அதே காற்றை 6 மூச்சில் ஆழ்ந்து இழுத்தாலோ 5100 அடையும். இதனால் குருதியில் பிராணவாயு பெருகிவிடும் எனச் சிலர் கூறுவது மிகை. நலமுடையோர் குருதி முன்னரே அவ்வாயுவை ஏறக்குறைய முழு அளவில் ஏந்தியுள்ளது. குறைந்த உழைப்பில் அதே பணி நிறைவேறுகிறது என்பதே உண்மை. 1924-ஆம் ஆண்டில் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், யோகப் பயிற்சிகளை இவ்வாறு அறிவியற் கருவிகளால் ஆராயும் நெறியைத் தொடங்கிவைத்தார்.

உள்ளத்திற்கு விளையும் பயன் வெளிமூச்சிலேயே மிகுதி. மூச்சை இழுக்குங்கால் இதயத் துடிப்புச் சற்றே விரைகிறது. விடுங்கால் வேகஸ் என்னும் நரம்பின் செயலால் தணிகிறது. வினாத்தாளைக் கண்டதும் நெஞ்சு படபடக்கும் மாணவன் நிமிர்ந்து அமர்ந்து, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி மெல்ல விடுவானாயின், சில நிமிடங்களில் படபடப்பு அடங்குவதைத் தானே உணர்வான். மறந்த விடை அதனால் நினைவுக்கு வந்துவிடாது. கற்ற விடை கலக்கத்தில் மறையாதிருக்கும்.

கும்பகத்தைத் தொடக்கநிலையினர் விட்டுவிடுதலே நன்று. இதய நோயோ குருதி அழுத்தமோ உடையோர் மருத்துவரைக் கேளாமல் அதில் இறங்கலாகாது. குருதியில் கரியமிலவாயு மிகும்போதே மூச்சுவிடும் வேட்கை எழுகிறது. கிணற்றிலும் குளத்திலும் முக்குளிக்கும் சிறுவர் சிலர், நெடுநேரம் நீருள் இருக்க எண்ணி, முன்னதாக விரைந்து விரைந்து மூச்சு வாங்குவர். அதனால் கரியமிலவாயு குறைந்து, வேட்கை எழுமுன்னரே பிராணவாயு தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவிழப்பர். நன்கு நீந்தத் தெரிந்தவரும் இவ்வாறு மாண்டதுண்டு.